“இருக்கட்டும்” என்று வைத்தவை: பொருள்களைக் குறைப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு மாறியபோது பதினான்கு பெட்டிகளை ஏற்றி இறக்கினோம். புது வீட்டில் அவற்றைப் பிரிக்காமலே ஒரு வருடம் ஓடிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கே பதில் தெரியாது. தெரியாத பொருளுக்காக ஓர் அறையை ஒதுக்கி, அதற்கு வாடகையும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது ஒருநாள் உறைத்தது. அதற்குப் பின் ஆறு வருடமாகிவிட்டது. இடையில் நண்பர்களும் உறவினர்களும், அவர்கள் சொல்லி அறிமுகமானவர்களும் கேட்ட கேள்விகள் இவை. பதில்களில் பாதி நான் பட்டுத் தெரிந்துகொண்டவை.

எத்தனை பொருள் வைத்திருந்தால் எளிய வாழ்க்கை?

எண் சொல்லுகிறவர்களை நம்பாதீர்கள். ஒரு தச்சரிடம் உளி மட்டும் இருபது இருக்கும். இருபதும் வேலை செய்யும். மேசையில் உட்கார்ந்து எழுதுகிற என்னிடம் மூன்று துளைபோடும் இயந்திரங்கள் இருந்தன. சுவரில் நான் போட்ட துளைகள் மொத்தம் ஐந்து.

எண்ணிப் பார்ப்பது வேறு விதத்தில் கண்ணைத் திறக்கும். மைக்கேல் லாண்டி என்ற பிரிட்டிஷ் கலைஞர் தன் உடைமைகள் ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, 2001இல் லண்டனில் காலியாகக் கிடந்த ஒரு பெரிய கடைக் கட்டடத்தில், வந்தவர் போனவர் எல்லாரும் பார்க்க, இரண்டு வாரத்தில் அத்தனையையும் உடைத்துத் தூளாக்கினார். மொத்தம் 7,227 பொருள்கள். கார், பாஸ்போர்ட், அப்பாவின் ஆட்டுத்தோல் கோட்டு எல்லாம் அதில் அடக்கம். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். பாஸ்போர்ட்டை உடைத்தால் அடுத்த வாரமே விண்ணப்பத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் பணக்காரர் என்று சொல்ல முடியாத ஒரு தனி ஆளிடம் ஏழாயிரத்துக்கு மேல் இருந்திருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். உங்களிடம் எத்தனை இருக்கும்? நான் சமையலறை இழுப்பறை ஒன்றை மட்டும் எண்ணி, 83இல் நிறுத்திக்கொண்டேன்.

எண்ணுக்குப் பதிலாக நான் வைத்திருக்கும் சோதனை இது: கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது என்னுடையது. முடியாவிட்டால் நான்தான் அதன் காவல்காரன்.

எங்கிருந்து தொடங்குவது?

பழைய புகைப்படங்களிலிருந்தோ கடிதங்களிலிருந்தோ தொடங்கவே தொடங்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்து படித்துவிட்டு, அழுதுவிட்டு, எல்லாவற்றையும் அதே பெட்டியில் திரும்ப வைத்து மூடுவீர்கள்.

மனம் ஒட்டாத இடத்தில் கை வையுங்கள். காலாவதியான மருந்துகள், தீர்ந்துபோன பேனாக்கள், மூடி தொலைந்த டப்பாக்கள், எந்தக் கருவிக்கு என்றே தெரியாத சார்ஜர்கள். ஓர் இழுப்பறை, அரை மணி நேரம், அவ்வளவுதான். வீட்டையே ஒரே நாளில் கவிழ்த்துப் போட்டால் இரவு படுக்கக் கட்டில் தெரியாது. (மருந்துகளை மட்டும் கழிவறையில் கொட்டாதீர்கள், நீரில் கலக்கும். திரும்பப் பெறும் மருந்தகம் இருந்தால் அங்கே கொடுங்கள்.)

ஒரு சாதாரணக் குவளையைக் கொடுக்கக்கூட ஏன் மனம் வருவதில்லை?

குவளை என்று நீங்கள் சொன்னது வேடிக்கையான பொருத்தம். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்தியதும் குவளைதான். மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காப்பிக் குவளையைக் கொடுத்துவிட்டு, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். குவளை கிடைக்காதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். விற்பவர்கள் சொன்னது, வாங்குபவர்கள் சொன்னதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கைக்கு வந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் அது “என் குவளை” ஆகிவிட்டது. சில நிமிடத்துக்கே இப்படியென்றால், பதினைந்து வருடம் பரணில் இருந்ததை என்னவென்று சொல்வது!

கூடவே இன்னொன்றும் இருக்கிறது. கொடுத்த காசு. “அவ்வளவு விலை போட்டு வாங்கியதாயிற்றே” என்கிறோம். அந்தப் பணம் வாங்கிய அன்றே போய்விட்டது. பொருளை வைத்திருந்தாலும் அது திரும்பி வராது, கொடுத்துவிட்டாலும் வராது. வைத்திருப்பதில் நடப்பது, தவறாக வாங்கியதை நாமே நமக்குத் தினமும் நினைவுபடுத்திக்கொள்வதுதான்.

கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். “இதைக் கொடுக்கலாமா?” என்று கேட்டால் பதில் எப்போதும் “இருக்கட்டும்”தான். “இது என்னிடம் இல்லையென்றால், இன்று கடைக்குப் போய் வாங்குவேனா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் நமக்கே சிரிப்பு வந்துவிடும்.

பொருள் புதிதாக, நன்றாக இருக்கிறது. பயன்படுத்தத்தான் இல்லை. அதை எப்படி விடுவது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். ஏனென்றால் இங்கே கஷ்டம் பொருளில் இல்லை.

என் அறையில் ஒரு கிதார் ஒன்பது வருடம் நின்றது. இரண்டு தந்தி அறுந்த நிலையில். அதைப் பார்க்கும்போதெல்லாம் “அடுத்த மாதம் வகுப்பில் சேர வேண்டும்” என்று நினைப்பேன். கிதாரைக் கொடுக்கத் தடையாக இருந்தது அதன் விலையோ அழகோ அல்ல. கிதார் வாசிக்கிற ஒரு நான், எங்கோ எதிர்காலத்தில் காத்திருந்தான். கிதார் வெளியே போனால் அவனும் போய்விடுவான். ஜெர்மன் மொழிப் பாடநூல்கள், ஓடும் பயிற்சிக்கான பட்டை இயந்திரம், நீர்வண்ணப் பெட்டி என்று என் வீட்டில் இப்படிப்பட்ட ஆட்கள் ஐந்தாறு பேர் குடியிருந்தார்கள். ஒருவரும் வாடகை தரவில்லை. ஆனால் நான் அறைக்குள் நுழையும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மெலிந்த பிறகு போடலாம் என்று மடித்து வைத்த உடையும் இந்தக் கணக்கில்தான் சேரும். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது உங்களைக் குறை சொல்கிறது. தினமும் காலையில் குறை சொல்கிற ஒருவரை வீட்டில் வைத்துக்கொள்வோமா?

என் வழி இது. ஒரு தேதி குறியுங்கள். இரண்டு மாதம் போதும். அதற்குள் கிதாருக்குத் தந்தி மாற்றி, வகுப்பில் சேர்ந்தால் அது தங்கட்டும். இல்லையென்றால் வாசிக்கத் தவிக்கிற ஒரு பிள்ளையிடம் போகட்டும். நான் நீர்வண்ணப் பெட்டிக்குத் தேதி குறித்தேன், அது தங்கிவிட்டது. இப்போதும் மோசமாகத்தான் வரைகிறேன். கிதார் போய்விட்டது. போன அன்று மாலை வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மறுவாரம் அந்த மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது, யாரும் என்னை முறைத்துப் பார்க்கவில்லை.

“எப்பவாவது உதவும்” என்பது நியாயமான எண்ணம்தானே?

நியாயம்தான். அதைக் கேலி செய்கிறவர்கள் பெரும்பாலும், வேண்டுமென்றால் உடனே திரும்ப வாங்கிவிடக் கூடியவர்கள். எளிமை பற்றிய பேச்சில் இதை யாரும் சொல்வதில்லை. கையில் காசிருப்பவர் தூக்கிப் போடலாம், காலி அறையில் உட்கார்ந்து அமைதி என்று சொல்லலாம். இல்லாமையைப் பார்த்தவர்கள் கயிற்றுத் துண்டைக்கூடச் சுருட்டி வைப்பார்கள். அது அறியாமை அல்ல, அனுபவம். உங்கள் நிலைமையில் திரும்ப வாங்குவது பாரம் என்றால், வைத்துக்கொள்ளுங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம்.

மற்றவர்களுக்கு: சந்தேகமானவற்றை ஒரு பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே தேதி மட்டும் எழுதுங்கள். உள்ளே இருப்பதன் பட்டியல் எழுதக் கூடாது. ஒரு வருடம் கழித்தும் அதற்குள் இருந்த எதையும் தேடவில்லை என்றால் திறக்காமலே கொடுத்துவிடலாம். திறந்தால் மறுபடியும் “இருக்கட்டும்” வந்துவிடும். முதலுதவிப் பெட்டி, டார்ச், கருவிகள், குளிர்காலத்துக்கோ மழைக்கோ உரியவை ஆகியவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. ஒரு முறை நான் குடையைப் பெட்டியில் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

இறந்துபோனவர்களின் பொருள்களை என்ன செய்வது?

அவசரப்படாதீர்கள். முதல் சில மாதங்களில் எடுக்கும் முடிவு, இரண்டு பக்கமும் சாய்ந்துவிடும். ஒன்று, பார்க்கவே முடியாமல் எல்லாவற்றையும் அனுப்பிவிடுவோம். இல்லையென்றால் அறையைப் பூட்டி அப்படியே வைத்துவிடுவோம்.

அப்பாவின் சட்டைகள் என்னிடம் இருபத்தாறு இருந்தன. இருபத்தாறையும் வைத்திருந்த வரைக்கும் நான் எந்தச் சட்டையையும் நினைத்துக்கொண்டதில்லை. அது ஒரு மூட்டை, அவ்வளவுதான். அண்ணனும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தபோதுதான், முழங்கையில் தையல் போட்ட சாம்பல் நிறச் சட்டை கிடைத்தது. அந்தத் தையலை அவரே போட்டார், கோணலாக இருக்கும். அதை வைத்துக்கொண்டேன். மற்றவை போன பிறகு அந்த ஒன்று மூட்டைக்குள் ஒளிந்திருக்கவில்லை, அவ்வப்போது கண்ணில் படுகிறது. அதிகம் வைத்திருப்பதுதான் அதிக மரியாதை என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை போலிருக்கிறது.

படம் எடுத்துவிட்டுக் கொடுப்பது பலருக்கு உதவுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதி மாணவர்களிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வொன்றில், மனத்துக்கு நெருக்கமான பொருளைப் படமெடுத்துவிட்டு நன்கொடையாகக் கொடுங்கள் என்று சொன்ன இடத்தில், வெறுமனே கொடுங்கள் என்று சொன்ன இடத்தைவிட ஏறத்தாழ 15 சதவீதம் அதிகமாகப் பொருள்கள் சேர்ந்தன. நினைவு தொலைந்துவிடும் என்ற பயம்தான் கையைப் பிடித்து இழுக்கிறது போலும்.

இதன் மறுபக்கம்: உங்களுக்கு வயதாகிறதென்றால், உங்கள் பொருள்களை நீங்களே குறைத்துவிட்டுப் போவது பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய உதவி. சுவீடன்காரர்களிடம் இதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது. சாவையும் சுத்தம் செய்தலையும் சேர்த்த சொல் அது. கேட்க முகம் சுளிக்க வைக்கும். செய்து பார்த்தவர்கள் பெரும்பாலும் சிரித்த முகத்தோடுதான் சொல்கிறார்கள், ஏனென்றால் கொடுக்கும்போதே ஒவ்வொன்றின் கதையையும் சொல்லிக் கொடுக்க முடிகிறது.

எனக்குச் சரி. வீட்டில் மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையே?

அவர்கள் பொருளைத் தொடாதீர்கள். இதில் விதிவிலக்கே இல்லை.

ஆரம்ப உற்சாகத்தில், என் மனைவி பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பழைய கண்ணாடிப் புட்டிகளை, அவள் ஊரில் இல்லாதபோது எடுத்துக் கொடுத்துவிட்டேன். “தூசிதானே படிந்திருந்தது” என்று நினைத்தேன். அவள் சண்டை போடவில்லை. “நான் இல்லாதப்போ இன்னும் என்னென்ன போச்சு?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வி போக இரண்டு வருடமானது. அதுவரை நான் எந்த அலமாரியைத் திறந்தாலும் எட்டிப் பார்ப்பாள்.

அதே சமயம், வீட்டின் நெரிசல் எல்லாரையும் ஒரே மாதிரி தொடுவதில்லை என்பதும் உண்மை. லாஸ் ஏஞ்சலஸில் குழந்தைகளோடு வாழ்ந்த தம்பதிகளிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், தங்கள் வீட்டைக் குப்பையும் முடியாத வேலையுமாக விவரித்த பெண்களுக்கு, கார்ட்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன் பகல் முழுக்க இயல்பாக இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. கணவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. எது காரணம், எது விளைவு என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் “எனக்கு ஒன்றும் தெரியலையே, உனக்கு மட்டும் ஏன்?” என்று கேட்கும் முன் ஆண்கள் கொஞ்சம் யோசிக்கலாம். பெரும்பாலும் எடுத்து வைக்கும் வேலை யார் தலையில் இருக்கிறதோ அவருக்குத்தான் நெரிசலும் கண்ணில் படும்.

உங்கள் மேசை, உங்கள் அலமாரி. அதோடு நில்லுங்கள். பார்த்து அவர்களாக வந்தால் வரட்டும்.

குழந்தைகளின் பொம்மைகள்?

பாதியை எடுத்து உள்ளே வைத்து, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 சிறு குழந்தைகளிடம் பார்த்தார்கள்: 16 பொம்மை போட்டபோது குழந்தைகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தன, 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடின. கிழிந்த பொம்மை ஒன்றைக் கட்டிக்கொண்டு தூங்குகிற குழந்தையிடமிருந்து அதைப் பிடுங்கும் வேலை வேண்டாம்.

புத்தகங்கள்?

இந்த விஷயத்தில் நான் நடுநிலையானவன் அல்ல. அடுத்த கேள்விக்குப் போகலாம்.

பழைய காகிதங்களில் எதை வைப்பது, எதைக் கிழிப்பது?

பிறப்பு, கல்வி, திருமணம், சொத்து, ஓய்வூதியம் தொடர்பானவை எப்போதும் இருக்க வேண்டும், அதுவும் மூலப் பிரதியாக. வரிக் கணக்குக்கான ரசீதுகளை எத்தனை வருடம் வைக்க வேண்டும் என்று உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும். நீங்கள் தூக்கி எறிந்த கருவிகளின் உத்தரவாத அட்டைகளும் கையேடுகளும்தான் மீதிக் குவியலில் பெரும்பகுதி. கணக்கு எண் இருக்கும் தாள்களைக் கிழித்துப் போடுங்கள்.

கொடுப்பது என்று முடிவு செய்தாகிவிட்டது. எங்கே, எப்படி?

“யாருக்காவது உதவும்” என்று சொல்லிக் கொடுக்கிறோம். அந்த யாருக்காவது யார்? கறை படிந்த சட்டையையும் ஓடாத மிக்சியையும் மூட்டை கட்டி ஓர் இல்லத்தின் வாசலில் வைத்துவிட்டு வந்தால், நம் குப்பையைப் பிரிக்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டோம் என்றுதான் பொருள். நண்பருக்குக் கூச்சமில்லாமல் கொடுப்பேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது தானமல்ல. முதலில் போன் செய்து என்ன தேவை என்று கேட்பது நல்லது.

துணியை மறுசுழற்சிப் பெட்டியில் போட்டால் புதுத் துணியாகிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். உடைக்காகப் பயன்படும் மூலப்பொருளில் மறுபடி உடையாக மாறுவது 1 சதவீதத்துக்கும் குறைவு என்று எலன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017இல் கணக்கிட்டது. கிழிந்ததைத் துடைக்கும் துணியாக்குவதுதான் நேர்மையான மறுசுழற்சி.

மின்னணுக் கருவிகள் இன்னும் சிக்கல். 2022இல் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது என்றும், அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. லித்தியம் பேட்டரியைச் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும். போனைக் கொடுக்கும் முன் கணக்குகளிலிருந்து வெளியேறி, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்து, தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடுங்கள். பழைய கணினி வட்டில் கோப்புகளை அழித்தால் மட்டும் போதாது; மீட்டெடுத்துவிட முடியும்.

விற்று லாபம் பார்க்கலாம் என்றால், ஐந்தாறு விலை உயர்ந்த பொருளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் ஒரு நாற்காலியை விற்க பத்தொன்பது பேரிடம் பேசினேன். கடைசியில் எதிர்வீட்டுக்காரர் சும்மா எடுத்துப் போனார்.

குறைத்த பிறகும் மறுபடி சேர்ந்துவிடுகிறதே?

சந்நியாசியின் கோவணக் கதை நினைவிருக்கிறதா? கோவணத்தை எலி கடித்தது. எலிக்காகப் பூனை, பூனைக்குப் பாலுக்காகப் பசு, பசுவைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று போய், கடைசியில் அவர் முழுக் குடும்பஸ்தர் ஆனார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதரோவுக்கும் இதுதான் நடந்தது. பரிசாக ஓர் அழகான சிவப்பு மேலங்கி வந்தது. அதன் பக்கத்தில் பழைய நாற்காலி அசிங்கமாகத் தெரிந்தது, மாற்றினார். பிறகு மேசை, பிறகு சுவரில் இருந்த படங்கள். பழைய அங்கிக்கு நான் எஜமான், புதியதற்கு அடிமை என்று 1769இல் வருந்தி எழுதினார். ஒரு பொருள் அடுத்த பொருளை இழுத்து வருவதற்கு, 1988இல் கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானிடவியலாளர் திதரோவின் பெயரையே வைத்துவிட்டார்.

இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கும் கதைதான். அதனால் எடுத்து வெளியே போடுவதைவிட உள்ளே வருவதைத் தாமதப்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை அதிகம். வாங்க நினைத்ததை ஒரு தாளில் தேதியோடு எழுதி ஒரு மாதம் விடுகிறேன். தாளில் உள்ளவற்றில் பாதியை, எதற்கு எழுதினேன் என்றே மறந்துவிடுகிறேன். ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன்: பொருள்களைக் குறைப்பதற்காக அழகான பெட்டிகளும் கூடைகளும் வாங்கப் போகாதீர்கள். என்னிடம் அப்படி ஏழு காலிக் கூடைகள் இருந்தன.

எதையுமே விட முடியவில்லை என்பது நோயா?

பெரும்பாலானவர்களுக்கு இல்லை. சேகரிப்பதும் நோயல்ல. ஆனால் படுக்க, சமைக்க, நடக்க இடமில்லாத அளவுக்குப் பொருள் நிறைந்து, ஒன்றை விட நினைத்தாலே தாங்க முடியாத வேதனை வருகிறதென்றால் அது வேறு. பொருள் குவிக்கும் கோளாறு என்று 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு அதைத் தனி நோயாக வகைப்படுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. சோம்பேறித்தனம் என்று திட்டுவதோ, அவர் இல்லாதபோது லாரி வைத்து அள்ளுவதோ பலன் தராது. வேதனையும் அவநம்பிக்கையும் கூடும், வீடு மறுபடி நிறையும். சிந்தனை, நடத்தை சார்ந்த சிகிச்சை இருக்கிறது, மெதுவாகத்தான் நடக்கும். மனநல மருத்துவரிடம் போங்கள்.

நீங்கள் இன்னும் விடாமல் வைத்திருப்பது?

எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத பதினொரு சாவிகள். மூன்று முறை குப்பைக்கூடை வரை போய்த் திரும்பி வந்தவை. நான்காவது முறை தூக்கிப் போடப் போன சமயத்தில், பழைய இரும்புப் பெட்டி ஒன்றைக் கொடுப்பதற்காகப் பூட்டை உடைத்தோம். மறுநாள் சும்மா ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்ததில், உடைத்த பூட்டுக்கு ஆறாவது சாவி பொருந்தியது. பெட்டி போய்விட்டது. பூட்டு இருக்கிறது.